மேல வர்றதுக்கு மட்டும் வண்டி

எறங்கி நடந்து போயிருக்க வேண்டியதுதானேன்னு நீ சுளுவா கேட்டுட்டம்மா. டோலில ஏறினவன் எப்படி எறங்குவான்? நீ தியாகதுருகத்துக்காரி, வாசப்படியத் தாண்டினா பஸ்ஸு. டோலின்னா ஏதோ புள்ளையப் போட்டு ஆட்டற தூளின்னு நெனச்சிக்கினு இருக்க. ஆபீசரு தெய்வசிகாமணியும் அப்படித்தான் நெனச்சாரு. நெனச்சி ஏறினவரு ஆஸ்பத்திரில போய்தான் எறங்கினாரு. நம்பலன்னா போய் கரியனையே கேளு, அந்தப் பலா மரத்துக்கு அந்தாண்ட வூடு. இப்ப வேணாம், படுத்துக்கினு இருப்பான். ஒக்காரு, மொதல்லேருந்து சொல்றேன்.

இந்தக் கடுக்காம்பட்டுல கரியன் மாதிரி மலைய ஏறி எறங்கினவன் கெடையாது. சாமை அறுப்புன்னாலும் மரவள்ளி புடுங்கறதுன்னாலும் அவன்தான் மொத ஆளு. அப்படியாப்பட்டவனுக்கு ரெண்டு கிட்னியும் வேலைய நிறுத்திட்டுது. சொல்லாம கொள்ளாம நிறுத்திட்டுது. ஆபீசா இருந்தா 'இன்று விடுமுறை'ன்னு ஒரு அட்டையாவது மாட்டியிருப்பாங்க. அன்னிலேருந்து வாரத்துக்கு ரெண்டு வாட்டி கள்ளக்குறிச்சி போயி, பெரியாஸ்பத்திரி மிஷின்ல ரத்தத்த சுத்தம் பண்ணிக்கினு வரணும். ஒரு வாட்டி தப்பினா காலு வீங்கும். அடுத்த வாட்டியும் தப்பினா மூச்சு முட்டும். அதுக்கப்பறம் தப்பறதுக்கு ஆளே இருக்க மாட்டான்.

குடிக்கற தண்ணி கூட அளவுதான். அவன் பொண்டாட்டி பவானி கொழந்தைங்களுக்கு மருந்து ஊத்தற மாதிரி ஒரு சின்ன டம்ளர் வெச்சிருக்கா. இந்த மலைல எங்க திரும்பினாலும் ஊத்து, ஓடை. கீழேருந்து வர்றவங்க நின்னு, "இன்னா அருமையா சத்தம் வருது பாரு"ன்றாங்க. நாக்கு வறண்டு ஒக்காந்துக்கினு இருக்கற கரியன் அந்த நேரம் பாத்து காத மூடிக்குவான்.

டோலி சங்கதிய சொல்லணும். எங்க ஊர்லேருந்து தார் ரோட்டுக்கு ஒத்தையடிப் பாததான். ஒடம்பு முடியாதவங்கள கம்பளில படுக்க வெச்சி, கம்பளிய மூங்கில்ல கட்டி, வூட்டுக்கு ஒரு தோளுன்னு மொற வெச்சி தூக்கினு போவோம். அதுக்கு சட்டம் இருக்குது. மூங்கிலு தோளுக்கு ஏறிட்டா தார் ரோட்டுல ஒரு வண்டில ஏத்தற வரைக்கும் தரையில வெக்கக் கூடாது. திருப்பவும் கூடாது. இப்ப டோலி தூக்கற மாரியோட தாத்தனும் இன்னொருத்தனும் ஒரு கெழவனத் தூக்கினு போனப்ப, பாதில எறக்கி வெச்சிட்டு பீடி புடிச்சாங்க. பீடி அணையறதுக்குள்ள கெழவன் அணைஞ்சிட்டான். அந்த வருசம் சாமையும் கருகிப் போச்சி. அந்தத் தாத்தன் நல்ல மனுசன்தான், பீடிதான் ஜாஸ்தி. பல்லெல்லாம் கரியா இருக்கும், சிரிச்சா புள்ளைங்க அழும். அது வேற கத.

இன்னொரு சட்டமும் இருக்குது. டோலிக்குள்ள இருக்கறவன் பேச்ச கேக்கக் கூடாது. காய்ச்சல்ல கெடக்கறவன் எல்லாரும் "எறக்குங்க, எனக்கு ஒண்ணும் இல்ல"ன்னுதான் கத்துவான். எறக்கினா போய்ச் சேந்துடுவான். அதனால எவ்ளோ கத்தறானோ அவ்ளோ வேகமாத் தூக்கினு ஓடணும்.

இப்படித்தான் மாரியும் அருளும் முன்ன பின்ன தோள் குடுத்து கரியன தார் ரோட்டுல கொண்டாந்து வுடுவாங்க. அங்கேருந்து பஸ்ஸு. வளைவுக்கு வளைவு அவன் வயித்துல இருக்கறது தொண்டைக்கு வரும். முடியாதவங்களுக்குன்னு எழுதின சீட்டுல எலவனாசூர்கோட்ட ஆதிமூலம், கடுக்கா வியாபாரி, ஒக்காந்திருப்பாரு. எழுந்திருங்கன்னா, "எனக்கும்தாம்பா முட்டி வலி. எழுதிக் காட்டல, அவ்ளோதான்"ம்பாரு. கரியனும் கம்பியப் புடிச்சிக்கினு நிப்பான்.

அப்படி இருக்கறப்பதான் ஒரு நாளு தார் ரோட்டுல பந்தல் போட்டாங்க. மைக்கு வெச்சாங்க. வெள்ளையா ஒரு வண்டி வந்து நின்னுது. சக்கர நாற்காலியோட ஆள ஏத்தற லிப்டு இருக்குது, உள்ள படுக்கை இருக்குது, ஏசி இருக்குது, ஜன்னல்ல மயிலு படம் இருக்குது. தெய்வசிகாமணி சாரு மைக்கப் புடிச்சி, "மாற்றுத்திறன் கொண்டோரும் நெடுநாள் நோயுற்றோரும் இம்மலையின் இயற்கை எழிலை எவ்விதத் தடையுமின்றிக் கண்டு களிக்கும் பொருட்டு, தடையிலா எழிற்பயணத் திட்டம் இனிதே தொடங்கி வைக்கப்படுகிறது"ன்னாரு. எல்லாரும் கை தட்டினாங்க. கரியன் கண்ணுல தண்ணி வந்துட்டுது. ஒடம்புல இருக்கற தண்ணி அப்படியாவது கொஞ்சம் கம்மியாவட்டும்னு பவானி தொடைக்கல.

கூட்டம் கலைஞ்சதும் கரியன் கிட்டப் போனான்.

"ஐயா, நாளைக்கி எனக்கு மிஷின் நாளு. வண்டி எத்தினி மணிக்கி கீழ போவும்?"

"வண்டி கீழ போறதுக்கு இல்ல பெரியவரே. மேல வர்றதுக்கு."

"மேல வந்தது கீழ போய்தானே ஆவணும்?"

"போவும். காலியாப் போவும்."

"காலியாப் போறதுல நான் ஒரு ஓரமா ஒக்காந்துக்கறேன்."

"அப்ப அது காலி இல்லையே." ஆபீசரு பொறுமையான மனுசன், சின்னப் புள்ளைக்கு சொல்ற மாதிரி சொன்னாரு. "இது நோயாளிங்க எழிலப் பாக்க வர்ற வண்டி. நீங்க நோயாளி, ஒத்துக்கறேன். ஆனா எழிலு உங்க வூட்டாண்டயே இருக்குது. தினமும் பாத்துட்டீங்க. பாத்தவரு பயனாளி ஆவ முடியாது. கீழேருந்து வர்றவராப் பாத்து சொல்லுங்க, மேல கூட்டியாந்து, பத்திரமா திருப்பிக் கொண்டுபோய் வுட்டுடுவோம். தொணைக்கு ஒரு ஆள் கண்டிப்பா கூட வரணும்."

கரியன் யோசிச்சான். கீழேருந்து வரணும், அவ்ளோதானே? அடுத்த வாட்டி மிஷின் முடிஞ்சதும் பவானியோட கள்ளக்குறிச்சில இருக்கற அந்தத் திட்ட ஆபீசுக்கே போயிட்டான், பேர் பதிய. பதியற எடம் மாடில. லிப்டு எல்லாத்தையும் வண்டில வெச்சிட்டதால கட்டடத்துல வெக்க முடியலையாம். மிஷின்லேருந்து எறங்கின ஒடம்பு, தலை சுத்துது. பவானி ஒரு படிக்கு ஒரு வாட்டி அவன ஒக்கார வெச்சி, முதுகத் தேச்சி, மேல கொண்டாந்து சேத்தா. பதியற எடத்துல அம்மா ஒருத்தவங்க நிமுந்து பாத்தாங்க.

"படி ஏறியா வந்தீங்க?"

"ஆமாங்கம்மா."

"ஏறி வந்தவங்களப் பதிய முடியாது. ஏற முடியாதவங்களுக்குத்தான் வண்டி."

"ஏற முடியாதவங்க இங்க எப்படிங்கம்மா வருவாங்க?" பவானி கேட்டா.

"அதான் இன்னும் யாரும் வரல." அந்தம்மாவும் வருத்தமாத்தான் சொன்னாங்க.

அதனால வண்டி தினம் காலைல காலியா மேல வரும், மத்தியானம் காலியா கீழ போவும். டிரைவரு சுபாஷ் நேரம் தவறாத புள்ள. காலி சீட்டுக்கெல்லாம் பெல்ட்டு போட்டுத்தான் வண்டிய எடுப்பான். வண்டி கரியன் நின்னுக்கினு போற பஸ்ஸ முந்திக்கினு போவும். ஏசி ஜன்னலுக்குள்ள காலிப் படுக்கை சொகமா வளைவுல சாஞ்சி போறத அவன் கம்பியப் புடிச்சிக்கினு பாப்பான். படுக்கைக்கு இன்னா நோவோ, பாவம்னு நெனச்சுக்குவான்.

இதோட நின்னிருந்தா தேவலாம். ஒரு நாளு கரியன டோலில தூக்கினு போறத ஆபீசரு பாத்துட்டாரு. "நிறுத்துங்க, நிறுத்துங்க"ன்னாரு. இவங்க நிறுத்தல. அவரு செருப்பு தேய கூடவே ஓடியாந்தாரு.

"இத இத்தினி நாளா எதுக்கு மறச்சி வெச்சிருந்தீங்க?"

"மறைக்கல சார், டோலி சார். உள்ள நோயாளி இருக்கறான்," மாரி சொன்னான்.

"அவர எறக்கிட்டா இன்னும் நல்லாத் தெரியும்."

பட்டணத்துல இப்ப மெதுவாப் போறதுதான் பேஷனாம். காரக் காத்தாப் பறக்கவுட்டு இங்க வந்து எறங்கி, அப்பறம் மெதுவாப் போறாங்க. அவங்களுக்காக எங்க டோலி 'பாரம்பரியத் தோள்வழி ஊர்தி அனுபவம்' ஆயிட்டுது. மூங்கிலுக்கு சிவப்பு பெயிண்டு, கம்பளிக்கு ஜரிகை. மாரிக்கும் அருளுக்கும் தூக்கறது எப்படின்னு பயிற்சி. சொல்லிக்குடுக்க வந்தவருக்கு முதுகு வலி, அதனால அவரு படுத்துக்கினு சொல்லிக்குடுத்தாரு. அந்தப் பயிற்சி நடக்கறப்ப கரியனோட மிஷின் நாளு வந்துட்டுது. பவானி போய்க் கேட்டா.

"டோலி பயிற்சில இருக்குது. தோளுங்களும் பயிற்சில இருக்குது. அடுத்த வாட்டி முன்கூட்டியே சொல்லிட்டு நோவு வரச் சொல்லுங்க"ன்னுட்டாங்க.

அந்த வாட்டி தப்பிட்டுது. கரியன் காலு பூசணிக்கா மாதிரி ஆயிட்டுது. அழுத்தினா குழி வுழுந்து குழியாவே நிக்குது. ராத்திரில படுக்க முடியல, செவுத்துல சாஞ்சிக்கினே ஒக்காந்திருந்தான். அடுத்த மிஷின் நாளும் தப்பினா இன்னான்னு அவனுக்கும் தெரியும், பவானிக்கும் தெரியும். ரெண்டு பேரும் அதப் பேசிக்கல, மரவள்ளிக்கு எலி வந்தத பேசிக்கினு இருந்தாங்க.

அந்த மிஷின் நாளுலதான் தோள்வழி ஊர்திக்குத் தொடக்க விழா. இந்த வாட்டி பந்தல் ஊருக்குள்ளயே, பாதி ஊரு அங்கதான். சுபஸ்ரீன்னு ஒரு பொண்ணு, மெதுவாப் போறத வேகமா படம் புடிச்சிப் போடறதுதான் வேலையாம், கேமராவோட நிக்குது. மொதல்ல ஆபீசரே ஏறி, இது பாதுகாப்பானதுன்னு காட்டறதா ஏற்பாடு. ஏறி, பலா மரம் வரைக்கும் போயி, திரும்பணும்.

மாரி தலையச் சொறிஞ்சான். "சார், ஏறிடுவீங்களா? ஏறினா அப்பறம்..."

"தெரியும், தெரியும். தூக்கு."

"வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க சார். உள்ள போயிட்டு சொன்னா கேக்க மாட்டோம்."

"பயிற்சில இதெல்லாம் சொல்லித் தரலையா? தூக்குய்யா."

தூக்கிட்டாங்க. பலா மரம் வந்துது, போச்சி. ஆபீசரு உள்ளேருந்து கை தட்டி, "போதும், திருப்புங்க"ன்னாரு. மாரி அருளப் பாத்தான், அருளு மாரியப் பாத்தான், ரெண்டு பேரும் நடைய எட்டிப் போட்டாங்க.

"எறக்குங்கய்யா, எனக்கு ஒண்ணும் இல்ல."

"கேட்டியா அருளு?" மாரி மூச்சு வாங்கிக்கினே கேட்டான்.

"கேட்டேன் மாமா. ஜாஸ்தியாயிட்டுது போல. வெரசாப் போவலாம்."

அவங்க வெளையாடலம்மா. தோளுக்கு ஏறின மூங்கில எறக்கினா சாமை கருகும், அதத்தான் அவங்க கண்டாங்க.

டோலி போற வழில ஒவ்வொரு வூடும் நோயாளிக்குக் கஞ்சித் தண்ணி ஊத்தணும்ன்றது மொற. செல்லியம்மா வூட்டாண்ட வந்தப்ப அவ எடுத்துக்கினு ஓடியாந்தா. ஆபீசரு வாயத் தெறந்து கத்தினாரு. தெறந்த வாயில ஊத்திட்டா.

"எத்தினி நாளாப்பா இப்படி?"

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. நான் ஆபீசரு."

செல்லியம்மா கன்னத்துல கை வெச்சிக்கினா. "ஐயையோ, அவ்ளோ தூரம் போயிட்டுதா."

இதெல்லாம் நடக்கறப்ப கரியன் எங்கன்ற? டோலிக்குப் பின்னால வந்துக்கினு இருந்தான், பவானி முதுகுல. வேற தோளு இல்லாததால, மரவள்ளி மூட்டையத் தூக்கற மாதிரி புருசன முதுகுல ஏத்திக்கினு கெளம்பிட்டா அவ. ஒவ்வொரு வூட்டாண்டயும் ஆபீசருக்கு கஞ்சி ஊத்தற நேரத்துல இவ பாறைல சாச்சி மூச்சு வுட்டுக்குவா. கரியன் அவ காதாண்ட, "எறக்குடி, நான் நடக்கறேன்"ன்னான். அவளும் டோலிச் சட்டம் தெரிஞ்சவதானே, இன்னும் வெரசா நடந்தா. சுபஸ்ரீ பின்னால திரும்பிப் பாத்து, "அக்கா, கொஞ்சம் ஒதுங்கி வாங்க, பாரம்பரியத்துக்கு நடுவுல வர்றீங்க"ன்னுது. பவானி ஒதுங்கினா.

தார் ரோடு வந்துது. வெள்ளை வண்டி காலியா நிக்குது. சுபாஷ் காலி சீட்டுக்கு பெல்ட்டு போட்டுக்கினு இருந்தான். டோலில இருக்கற ஆபீசரப் பாத்ததும் பெல்ட்ட வுட்டுட்டு ஓடியாந்தான்.

"சுபாஷு, என்ன எறக்கச் சொல்லுடா."

"வண்டிலதான் எறக்குவோம்," அருளு சொன்னான். "ஏத்துவியா மாட்டியா?"

சுபாஷு யோசிச்சான். சட்டம் தெரிஞ்ச புள்ள. "சார் கீழேருந்து வந்தவரு, அது சரி. எழிலப் பாத்துட்டாரு, அதுவும் சரி. நடக்க முடியாம டோலில வர்றாரு. சார், நீங்கதான் சார் மொத பயனாளி."

"சரிடா, ஏத்தித் தொல. வண்டிய எடு, கீழ போய் பேசிக்கறேன் எல்லார்கிட்டயும்."

ஏத்தி, படுக்கைல படுக்க வெச்சி, பெல்ட்டு போட்டாச்சி. சுபாஷு வண்டிய எடுக்கல.

"இன்னாடா?"

"தொணையாள் இல்லாம எடுக்கக் கூடாது சார். நீங்க போட்ட சட்டம்தான் சார்."

மாரியும் அருளும் காலி டோலிய பொழுதோட ஊரு கொண்டுபோய் சேக்கணும். சுபஸ்ரீக்கு வளைவுல வாந்தி வரும். பவானி முதுகுலேருந்து ஒரு கொரலு வந்துது, மூச்சு மூச்சா.

"நான்... தொணைக்கு... வர்றேன் சார்."

ஆபீசரு தலையத் தூக்கிப் பாத்தாரு. கையி, காலு, மூஞ்சி எல்லாம் வீங்கின ஆளு, ஒதடு நீலமா இருக்குது. "யாராவது ஏறித் தொலைங்கய்யா"ன்னாரு.

லிப்டு மொத மொதல்ல கரியனுக்குத்தான் எறங்கிச்சி. படுக்கை ஆபீசருக்கு. கால்மாட்டுல இருக்கற முக்காலி தொணையாளுக்கு. வளைவுல நோயாளி உருண்டுடாம தொணையாள் காலப் புடிச்சிக்கணும்னு சட்டம். கள்ளக்குறிச்சி வரைக்கும் கரியன் அந்தக் காலப் புடிச்சிக்கினே போனான். புடிக்க ஏதோ ஒண்ணு இருந்ததாலதான் நானும் வுழலன்னு பின்னால சொன்னான்.

பயனாளின்னா நோயாளின்னு சுபாஷு நேரா பெரியாஸ்பத்திரிக்கே வுட்டான், அங்க நர்சம்மா ஆபீசருக்கு பிரஷர் பாத்தாங்க. மலை முழுக்க கத்திக்கினு வந்தவருக்கு கம்மியாவா இருக்கும்? "நல்ல நேரத்துல வந்தீங்க, பேசாம படுங்க"ன்னுட்டாங்க. அப்பறம் கரியனப் பாத்து, "நீ மிஷினுக்கு வர்றவன்தானே? போன வாட்டி எங்க போன? ஓடு ஓடு"ன்னாங்க. ஓட முடியல, சக்கர நாற்காலில வெச்சித் தள்ளினு போனாங்க. சாயங்காலம் பவானி பஸ்ஸுல வந்து பாக்கறப்ப அவன் கண்ணத் தெறந்து, "தொண்ட காயுது"ன்னான். அவ அந்தச் சின்ன டம்ளர எடுத்து பாதி ஊத்தினா. மீதிப் பாதிய ராத்திரிக்குன்னு மூடி வெச்சா.

அடுத்த வாரம் மேலிடத்துலேருந்து பாராட்டு வந்துது. 'தொடங்கிய நாள் முதல் பயனாளியே இல்லாதிருந்த திட்டத்திற்கு, திட்ட அலுவலரே முன்வந்து நோயுற்று வழிகாட்டியமை போற்றுதற்குரியது.' கரியனக் கூப்ட்டு பொன்னாட போத்தினாங்க. 'தன்னலம் கருதாது நோயாளிக்குத் துணைநின்ற மலைமகன்'னு படிச்சாங்க. கரியன் பொன்னாடைய இழுத்துப் போத்திக்கினு, பணிவாத்தான் கேட்டான்.

"சார், அடுத்த வாட்டி உங்களுக்கு எப்ப ஒடம்பு முடியாம போவும்?"

ஆபீசரு நல்லவரு, ரெண்டு மூணு வாட்டி முடியாம போனாரு. அப்பறம் மாத்தல் வாங்கிக்கினு போயிட்டாரு. ஆனா சட்டம் அப்படியே நிக்குது. கீழேருந்து வந்தவங்க யாரா இருந்தாலும் டோலில ஏறிட்டா பயனாளி, கூட ஒரு தொணையாளு. கடுக்கா ஆதிமூலத்த ஒரு வாட்டி ஏத்தினோம், முட்டி வலிய இத்தினி நாளா சும்மாதானே வெச்சிருந்தாருன்னு. திருநாவலூர்லேருந்து தேன் வாங்க வந்தவர ஏத்தினோம். அந்த சுபஸ்ரீயையும் ஏத்தினோம், வாந்தியோட. இப்ப எங்க மலைல ஒடம்பு முடியாதவங்க எல்லாருக்கும் தொணையாள் வேலைதான். கண்ணு தெரியாத பகலவன், நடுக்கம் வந்த பெரியக்கா, எல்லாரும் மொற போட்டுக்கினு நிக்கறாங்க. நல்லா இருக்கற ஆளு ஒருத்தரு ஊருக்குள்ள வந்தா போதும், ஊரே வாசல்ல வந்து சிரிக்குது.

போன மாசம் நெசமாவே காலு ஒடஞ்ச ஒரு தம்பி கீழேருந்து அருவியப் பாக்க வந்துச்சி, கட்டைய ஊனிக்கினு. அந்த வண்டில என்னையும் கூட்டினு போங்கன்னுது. நாங்கதான் முடியாதுன்னுட்டோம். பின்ன இன்னாம்மா? எங்க தொணையாளே சாயற ஆளு, பயனாளியும் சாயற ஆளா இருந்தா யாரு யாரப் புடிக்கறது? நல்லா இருக்கறவனா வா, ஏத்தறோம்னு சொல்லி அனுப்பினோம். அந்தத் தம்பி எங்களத் திரும்பித் திரும்பிப் பாத்துக்கினே போச்சி. எங்களுக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சி, ஆனா சட்டம்னு ஒண்ணு இருக்குதில்ல.

ஏன் எழுந்துட்ட? ஒக்காரும்மா, பஸ்ஸெல்லாம் போயிட்டுது. நாளைக்கி கரியனுக்கு மிஷின் நாளு. இந்த வாரம் கீழேருந்து யாருமே வரல, பவானி ரெண்டு நாளா ரோட்டையே பாத்துக்கினு இருக்கறா. சாமியாட்டம் நீ வந்து சேந்த. உனுக்கு ஒண்ணும் இல்லன்றியா? சரி சரி, கத்தாத, நெறைய கத்தினா மாரியும் அருளும் இப்பவே தூக்கிடுவாங்க. மருமவளே அம்சவள்ளி, அங்க காயற பழைய வேட்டிய நீளமாக் கிழிச்சி உள்ள எடுத்துக்கினு வா, இந்தப் பொண்ணு கணுக்காலுக்கு ஒரு கட்டு போடணும்.